விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணும் கலந்த ஆபீஸா? புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!

மாதத்தின் 20-ம் தேதி, மாலை 6 மணி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். "டோக்கனைச் செருகி சைன் பண்ணிடுங்க" என்று ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வருகிறது. மேஜை மேல் இருப்பது போன வாரம்தான் வாங்கிய மேக்புக். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ பழைய அகல யு.எஸ்.பி. மேக்புக்கில் இருப்பது சின்ன டைப்-சி துளை மட்டும்.

ஓடிப்போய் ஒரு அடாப்டர் வாங்கி வந்து செருகினால் அடுத்த சிக்கல். டோக்கன் உள்ளே போய்விட்டது, ஆனால் மெஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டோக்கனோடு வந்த டிரைவர் விண்டோஸுக்கானது. மேக்குக்கான டிரைவரைத் தேடிப் பிடித்து இன்ஸ்டால் செய்வதற்குள் மணி பத்து ஆகிவிடும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வரி பாக்கி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

இதில் மேக்புக் மீது எந்தத் தப்பும் இல்லை. வாங்கும்போது "இந்த மெஷினில் எந்தெந்த வேலை நடக்கணும்?" என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதே நாளில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் முடிந்தது. அதிலிருந்து பல சின்ன ஆபீஸ்களில் ஒரே பேச்சு, "எல்லாத்தையும் மாத்தணும் சார்" என்பதுதான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது? எளிமையாகப் பார்க்கலாம்.

கலப்பு ஆபீஸ் எப்படி உருவாகிறது?

யாரும் திட்டம் போட்டு உருவாக்குவதில்லை. அது தானாக வளரும்.

சிவகாசியில் எட்டு பேர் வேலை செய்யும் ஒரு அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கவுன்டன்ட் மேஜையில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர், அதில் டேலி. டி.டி.பி. ஆபரேட்டரிடம் அதைவிடப் பழைய விண்டோஸ் மெஷின், அதில் பேஜ்மேக்கர். டிசைனருக்கு ஒரு ஐமேக். படிப்பை முடித்துவிட்டு தொழிலுக்கு வந்த முதலாளி மகன் கையில் மேக்புக். வேகம் குறைந்துபோன ஒரு லேப்டாப்பில் யாரோ தெரிந்த பையன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார், அது டெலிவரி சலான் அடிக்கப் பயன்படுகிறது. முதலாளி எல்லா வேலையையும் ஆண்ட்ராய்டு போனில், வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடுவார்.

இந்த ஆபீஸ் நன்றாகவே ஓடும். ஒரு மெஷினில் செய்த வேலையை இன்னொரு மெஷினில் திறக்க வேண்டிய நாள் வரைக்கும்.

அதனால், இப்படிப்பட்ட ஆபீஸில் முதல் கேள்வி "எந்த கம்ப்யூட்டர் நல்லது?" என்பதாக இருக்கக் கூடாது. "எந்த வேலை இடம் மாற மறுக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. அடம் பிடிக்கும் வேலைகள் ஒவ்வொரு ஆபீஸிலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லா மெஷினும் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் அடம்: டேலியும் டோக்கனும்

தமிழ்நாட்டில் சின்ன ஆபீஸ்களின் கணக்குப் பிள்ளை டேலிதான். டேலி பிரைம் நேரடியாக இன்ஸ்டால் ஆவது விண்டோஸில் மட்டுமே. மேக்குக்கோ லினக்ஸுக்கோ தனிப் பதிப்பு கிடையாது. ஆகவே டேலி இருக்கும் ஆபீஸில் ஒரு விண்டோஸ் மெஷின் இருந்தே ஆக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆனால் எல்லா மெஷினும் விண்டோஸாக இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட் மட்டும் பார்க்க வேண்டியவர்கள் பிரவுசர் வழியாகப் பார்க்கும் வசதி டேலி பிரைமில் இருக்கிறது. என்ட்ரி போட வேண்டும் என்றால் மேக்கிலிருந்தே விண்டோஸ் மெஷினுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழையலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே அனுமதிக்கும் வசதி விண்டோஸ் புரோ பதிப்பில்தான் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. கடையில் விலை குறைவாகத் தெரியும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். பில் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

டேலி உரிமத்திலும் கணக்கு உண்டு. சில்வர் என்பது ஒருவர் மட்டும் பயன்படுத்த. ஒரே ஆபீஸில் பல மெஷின்களில் ஒரே நேரத்தில் பயன்படுத்த கோல்டு வேண்டும். உங்கள் தொழில் கம்பெனியாகப் பதிவானது என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. யார், எப்போது, எந்த என்ட்ரியைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாமல் பதிவு செய்யும் கணக்கு சாஃப்ட்வேரைத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு "ஓடுதுல்ல, விடுங்க" என்று சொல்ல முடியாது.

அடுத்து டோக்கன். முதலில் அது தேவையா என்று பாருங்கள். கம்பெனிகளும் எல்.எல்.பி.க்களும் ஜி.எஸ்.டி. தாக்கலில் டிஜிட்டல் கையெழுத்துதான் போட வேண்டும். தனிநபர் உரிமையாளர் என்றாலோ, சாதாரண கூட்டு நிறுவனம் என்றாலோ மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. போதும். போனில் வரும் ஓ.டி.பி.க்கு மேக், லினக்ஸ் என்ற பேதம் கிடையாது. ஆனால் அரசு டெண்டர் எடுக்கும் ஆபீஸ் என்றால் தனிநபர் தொழிலாக இருந்தாலும் டோக்கன் இல்லாமல் முடியாது.

டோக்கன் உண்டு என்றால் ஒரு விண்டோஸ் மெஷினை அதற்கென்றே ஒதுக்கிவிடுவது நிம்மதி. டேலி ஓடும் அதே மெஷின் போதும். சில டோக்கன்களுக்கு மேக், லினக்ஸ் டிரைவர்களும் கிடைக்கின்றன. ஆனால் கடைசி நாளில் சோதித்துப் பார்க்கும் விஷயம் அல்ல அது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. "மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கலாமே?" என்பார்கள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மேக்குகளை வெளியிடத் தொடங்கியது. இன்டெல் சிப் இருந்த பழைய மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை முழுசாகவே போட முடிந்தது. புதிய மேக்குகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேரலல்ஸ் போன்ற சாஃப்ட்வேருக்குள் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் அது ஏ.ஆர்.எம். சிப்புக்கான விண்டோஸ். சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேர்கள் பல அதில் ஓடிவிடும். ஆனால் டோக்கன், பழைய பிரிண்டர் போன்ற கருவிகளுக்கான டிரைவர் அந்த ஏ.ஆர்.எம். சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடாது.

ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் விண்டோஸ் லேப்டாப்களுக்கும் இதே கதைதான். பேட்டரி நாள் முழுக்க நிற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பெட்டியில் விண்டோஸ் என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி கணக்குப் பிரிவுக்கு வாங்கினால் பழைய பிரிண்டரும் டோக்கனும் கைவிரிக்கலாம். கணக்குப் பிரிவுக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப்தான் பத்திரம்.

இரண்டாவது அடம்: தமிழ் ஃபான்ட்

தமிழில் வேலை செய்யும் ஆபீஸ்களில் பணத்தைவிட அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அந்த டி.டி.பி. ஆபரேட்டரின் பழைய மெஷினில் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், நோட்டீஸ்கள் இருக்கின்றன. திரையில் பார்த்தால் அழகான தமிழ். அதே ஃபைலை ஐமேக்கில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். ஃபைல் கெட்டுவிட்டதா? இல்லை. உள்ளே முதலிலிருந்தே இருந்தது அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றுபவை. ஃபான்ட் இருக்கும் வரை தமிழ். ஃபான்ட் இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும்.

ஒவ்வொரு ஃபான்ட் நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியதால், ஒரு ஃபான்டில் அடித்ததை இன்னொரு ஃபான்டுக்கு மாற்றினாலும் குழப்பம்தான் மிஞ்சியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. பின்னர் 2010 ஜூனில் யூனிகோடை அரசு தரமாக அறிவித்தது. அச்சு வேலைகளுக்காக டேஸ் 16 என்ற 16 பிட் முறையையும் சேர்த்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே, முதல் பதிப்பிலேயே இடம் உண்டு. இருந்தும் அச்சகங்களிலும் சில ஆபீஸ்களிலும் பழைய ஃபான்ட்கள் இன்னும் போகவில்லை.

காரணம் சோம்பேறித்தனம் அல்ல. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதில் பழகிய கை வேகமாக ஓடுகிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், எதற்கு மாற்ற வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு மெஷினின் மதர்போர்டு போனால் இருபது வருட வேலையும் திறக்க முடியாத பூட்டுக்குள் போய்விடும். கலப்பு ஆபீஸில் உண்மையான ஆபத்து இதுதான்.

மாற்றுவது எப்படி? பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் பலருக்கும் தெரிந்தது. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோட் ஃபான்ட்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் மாற்றியதை அப்படியே நம்பி அச்சுக்கு அனுப்பினால் வம்பு. நடுநடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். போன் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறி வேறு ஏதாவது எழுத்தாகிவிடும். மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

எல்லாப் பழைய ஃபைலையும் மாற்ற வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்களின் ஃபைல்களை மட்டும் மாற்றினால் போதும். மற்றதை பி.டி.எஃப். ஆக எடுத்து வைக்கலாம். ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடுவதால் அது எந்த மெஷினிலும் சரியாகத் தெரியும், அச்சுக்கும் போகும். ஒன்றே ஒன்று, பழைய ஃபான்டில் எடுத்த பி.டி.எஃப்.-ல் தமிழில் தேட முடியாது, வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

புது வேலைக்கு இன்டிசைன் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் யூனிகோட் எழுத்துகள் உடையாமல் வர, பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்வு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "இன்டிசைனில் தமிழ் வராது" என்று முடிவு கட்டி பேஜ்மேக்கருக்குத் திரும்பியவர்கள் உண்டு.

அடுத்தது கீபோர்டு. மேக்கில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் 11-லும் தமிழ் 99 உண்டு. லினக்ஸில் ஐபஸ் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, மூன்றுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அது தமிழ் 99. ஆனால் டைப்பிங் லோயர், ஹையர் எல்லாம் பாஸ் செய்து, பழைய டைப்ரைட்டர் முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் ஒரு ஆபரேட்டரிடம் போய் "நாளையிலிருந்து இது" என்று சொன்னால் அவருடைய வேகம் பாதியாகிவிடும். மெஷினை மாற்றுவது ஒரு நாள் வேலை, விரல்களை மாற்றுவது பல மாத வேலை. யூனிகோடில் அடிக்க டைப்ரைட்டர் முறையைக் கைவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற விண்டோஸ் கருவிகளில் அதே டைப்ரைட்டர் முறையில் அடித்தாலும் யூனிகோட் எழுத்துதான் வரும். அவரை விண்டோஸிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஃபான்ட் தேர்விலும் இதே விதிதான். லதா, நிர்மலா எல்லாம் விண்டோஸின் ஃபான்ட்கள், தமிழ் சங்கம் எம்.என்., இணைமதி ஆப்பிளின் ஃபான்ட்கள். ஒன்றில் அடித்த கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் எழுத்து தமிழாகவே இருக்கும், ஆனால் ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகிக் கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் நிற்கும். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஃபான்ட் ஒன்றை எல்லா மெஷினிலும் போட்டு, ஆபீஸ் கடிதங்கள் அனைத்துக்கும் அதையே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எக்ஸெல் எங்கே திறந்தாலும் ஒன்றுதானே?

பெரும்பாலும் ஆமாம். மைக்ரோசாப்ட் ஆபீஸ் மேக்குக்கும் வருகிறது. லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும்கூட அது ஓடும். கூகுள், ஜோஹோ இரண்டும் பிரவுசரிலேயே திறக்கும், எந்த மெஷின் என்று கேட்காது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 செப்டம்பரில் தான் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு, சென்னையில் தொடங்கி வளர்ந்த அந்த நிறுவனத்தின் பெயர் பல ஆபீஸ்களில் புதிதாக அடிபடத் தொடங்கியது.

பிரச்னை வருவது மேக்ரோ எழுதிய எக்ஸெல் ஷீட்டில்தான். முன்பு வேலை பார்த்த யாரோ எழுதி வைத்த சம்பளக் கணக்கு ஷீட், ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் தானாக வரும். அது கூகுள் ஷீட்ஸில் ஓடாது, லிப்ரே ஆபீஸில் ஓரளவுதான் ஓடும், மேக் எக்ஸெலில்கூட சில சமயம் திணறும். ஆக்ஸஸ் டேட்டாபேஸ் இருந்தால் அதற்கு மேக் பதிப்பே கிடையாது. இப்படிப்பட்ட ஷீட்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அவற்றை டேலி மெஷினிலேயே வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு இலவசமானதையோ பிரவுசர் வழிதானதையோ கொடுக்கலாம். எட்டு பேருக்கும் சந்தா கட்ட வேண்டிய அவசியமில்லை.

பழைய விண்டோஸ் 10 மெஷினைத் தூக்கிப் போடணுமா?

முதலில் அது விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பாருங்கள். மைக்ரோசாப்டின் பி.சி. ஹெல்த் செக் ஆப் இதை இலவசமாகச் சொல்லிவிடும். டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். ஸ்டிக்கரில் ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. 2017-க்கு முன் வாங்கிய மெஷின் என்றால் பெரும்பாலும் தேறாது.

தேறாத மெஷினுக்கு மூன்று வழிகள். பணம் கட்டி பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்குவது ஒன்று. நிறுவனங்களுக்கு ஒரு மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரண்டு மடங்காகும், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மூன்றையும் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் தகுதியான செகண்ட் ஹேண்ட் மெஷினே பார்த்துவிடலாம். அடம் பிடிக்கும் சாஃப்ட்வேர் ஏதாவது அந்த மெஷினோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், முதல் ஆண்டுக்கு இதை யோசிக்கலாம்.

இரண்டாவது வழி லினக்ஸ். பிரவுசர், மெயில், கடிதம், சலான் என்று வேலை அதோடு முடிந்தால் உபுண்டுவோ மின்ட்டோ தாராளமாகப் போதும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவச அப்டேட் உண்டு. நாலு ஜி.பி. ரேம் இருந்தால் எட்டாக்குங்கள், ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. ஆக மாற்றுங்கள். சுற்றிச் சுற்றி நின்ற மெஷின் ஓடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது வழி, அதை இணையத்திலிருந்தே துண்டித்துவிடுவது. பேஜ்மேக்கர் மெஷினுக்கு இதுதான் சரி. அது இருக்கட்டும், நெட் மட்டும் வேண்டாம்.

எதுவுமே செய்யாமல் அப்படியே நெட்டோடு ஓட்டலாமா? 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. சிக்கியவை பெரும்பாலும் அப்டேட் போடாத மெஷின்கள். ஆதரவு முடிந்த மெஷினுக்கு அப்படியொரு அப்டேட் வரவே வராது. ஒரே நெட்வொர்க்கில் டேலியும் இருந்தால் சலான் அடிக்கும் லேப்டாப் வழியாக வந்தது கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கிராக் செய்த விண்டோஸுக்கும் இதே ஆபத்துதான், கூடுதலாகச் சட்டச் சிக்கலும் உண்டு.

மொத்தமா லினக்ஸுக்கே மாறிட்டா?

செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2006-07 காலகட்டத்தில் அங்கே கம்ப்யூட்டர்கள் சூசே லினக்ஸுக்கு மாறின. கேரளாவில் அரசுப் பள்ளிகள் லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. ஆனால் 2017-ல் மறுபடியும் விண்டோஸுக்கே போவது என்று நகர மன்றம் முடிவு செய்தது. அரசியல் காரணங்களும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பத்து வருடமும் சில துறைகளின் தனி சாஃப்ட்வேர்கள் விண்டோஸை விட்டு வராமலே இருந்தன. 15,000 மெஷின் உள்ள நகராட்சிக்கே அடம் பிடிக்கும் வேலைகள் இருந்தால், எட்டு மெஷின் உள்ள அச்சகத்துக்கு இருக்காதா?

பிரிண்டர், பென்டிரைவ்: சின்ன விஷயம், பெரிய தலைவலி

பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரின்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மேக், ஐபோன், இன்றைய லினக்ஸ் எல்லாமே தனி டிரைவர் இல்லாமல் அச்சடிக்கும். யு.எஸ்.பி. மட்டும் உள்ள, விண்டோஸ் டிரைவரை நம்பியே ஓடும் மலிவு லேசர் பிரிண்டர் கலப்பு ஆபீஸுக்கு ஆகாது. நெட்வொர்க் வசதி உள்ளதாக ஒன்றே ஒன்று போதும்.

விண்டோஸில் பார்மட் செய்த பெரிய ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், ஆனால் எழுதாது. டிசைனர் ஃபைலைப் போட முடியாமல் நிற்பார். எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்தால் மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் வேலை முடிந்ததும் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் இருந்தால் எக்ஸ்ஃபேட்டில் ஃபைல் சிதைய வாய்ப்பு அதிகம். பார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபைல் பெயரிலும் கவனம் தேவை. மேக்கில் கேள்விக்குறி போட்டுப் பெயர் வைத்தால் விண்டோஸ் அதை ஏற்காது. தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு விநோதம் உண்டு. "ரொக்கம்" என்பதில் வரும் "ரொ" எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய மேக்குகள் ஃபைல் பெயர்களைப் பிரித்துச் சேமிப்பவை. அங்கிருந்து வந்த ஃபைலை லினக்ஸில் பெயர் அடித்துத் தேடினால், கண்ணெதிரே இருந்தும் கிடைக்காமல் போகலாம். ஃபைல் பெயரில் தேதி, பில் எண் என்று இலக்கங்களைச் சேர்த்து வைத்தால் அதை வைத்தாவது தேடிவிடலாம்.

சரி, புதுசா எதை வாங்குறது?

அச்சகத்துக்கே திரும்புவோம். அக்கவுன்டன்டுக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப் உள்ள விண்டோஸ் 11 புரோ மெஷின், 16 ஜி.பி. ரேம். செலவில் முதல் இடம் இதற்குத்தான், ஏனென்றால் டேலி, டோக்கன், மேக்ரோ ஷீட் எல்லாம் இதில்தான் குடியிருக்கும். கரண்ட் போனால் கணக்கு நடுவில் நிற்காமல் இருக்க ஒரு யு.பி.எஸ்.

டிசைனருக்கு மேக் வேண்டும் என்றால் மேக். ஆனால் வாங்கும்போதே ரேமையும் சேமிப்பிடத்தையும் யோசித்து வாங்க வேண்டும். இன்றைய மேக்குகளில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. பழைய இன்டெல் மேக் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். 2025-ல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அடோபி சாஃப்ட்வேர்கள் விண்டோஸிலும் ஓடும் என்பதால் மேக் கட்டாயமும் இல்லை. லினக்ஸில் மட்டும் அவை வராது.

டி.டி.பி. ஆபரேட்டருக்கு விண்டோஸ் 11 மெஷின், அதில் டைப்ரைட்டர் முறையில் யூனிகோட். பழைய மெஷின் நெட் இல்லாமல் பக்கத்திலேயே இருக்கட்டும். சலான் லேப்டாப் லினக்ஸிலேயே தொடரட்டும். பொது ஃபைல்களுக்கு நெட்வொர்க் டிஸ்க் ஒன்று, இன்னொரு நகல் ஆபீஸுக்கு வெளியே. வெளியே என்றால் கிளவுடாகவும் இருக்கலாம், முதலாளி வீட்டு பீரோவில் இருக்கும் ஹார்டு டிஸ்காகவும் இருக்கலாம். டேலி பேக்கப்பை அதே மெஷினின் டி டிரைவில் எடுத்து வைப்பது பேக்கப் கணக்கில் வராது.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். டோக்கன், பழைய ஃபான்டில் அடித்த ஒரு பத்திரிகை, அந்த மேக்ரோ ஷீட், மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் "இதைத் திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். திறந்து காட்டிய பிறகு பணம் கொடுக்கலாம். ரகசிய ஃபைல் என்றால் ஒரு மாதிரியைப் பேர், நம்பர் மாற்றி எடுத்துப் போகலாம். டோக்கனைச் செருகி மெஷின் அதைக் கண்டுகொள்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், பின் நம்பரை அங்கே அடிக்கவே கூடாது.

வாங்கி முடித்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட், ஆப்பிள் ஐடி, மெயில் அட்மின், வெப்சைட் பெயர்ப் பதிவு இவையெல்லாம் யாருடைய சொந்த மெயிலில், யாருடைய மொபைல் நம்பரில் திறக்கப்படுகின்றன என்று பாருங்கள். மெஷினை செட் பண்ணிக் கொடுத்த பையன் தன் நம்பரையே போட்டுவிட்டுப் போவது சர்வ சாதாரணம். ஆறு மாதம் கழித்து ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், அவர் அதற்குள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். ஆபீஸ் பெயரில் ஒரு மெயில் ஐடி, ஆபீஸ் பெயரில் ஒரு சிம். பாஸ்வேர்டுகள் ஒரு நோட்டில், நோட்டு முதலாளியின் பூட்டிய டிராயரில்.